தோற்றால் என்ன போகும்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

“ஏலே, ஜெயிச்சா என்ன கிடைக்கும்? தோத்தா என்ன போவும்? அத மட்டும் சொல்லு.”

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பா கேட்ட கேள்விகள் இவை. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்த வட்டாரத்துக்கு ஹாக்கியிலும் ஒரு பெயர் உண்டு. கரிசல் மண்ணில், வளைந்த கருவைக் கம்பையே மட்டையாக்கிக்கொண்டு ஆடத் தொடங்கிய எத்தனையோ பையன்களில் நானும் ஒருவன். அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் எவரும் இல்லை.

பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. அந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மட்டையைப் பரணில் போட்டேன். பள்ளிப் படிப்பு முடிந்து, ஓராண்டு நானும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துக் கொஞ்சம் பணம் சேர்த்த பிறகுதான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். ஆகவே, முதலாண்டில் உடற்கல்வி இயக்குநர் ஹாக்கி அணித் தேர்வுக்கு அழைத்தபோது, “படிக்கணும் சார்” என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

அப்பாவின் கேள்விகளுக்கு விடை தேட எனக்கு உதவியது, நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்த்தே இராத ஓர் ஆட்டம். 2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதி அறை நண்பனின் கைபேசியில் ஹாக்கிக் காட்சிகளைத் தேடப்போய், ஐஸ் ஹாக்கியில் போய் மாட்டிக்கொண்டேன். அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்னும் சிற்றூரில், கல்லூரி மாணவர்கள் ஒரு கோப்பைக்காக ஆடிய ஆட்டம் அது. அன்று தொடங்கிய ஆர்வத்தில் ஓராண்டாகப் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொண்டு, என் கருத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

பனிமேடையும் பன்னிரண்டு கல்லூரிகளும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ‘கான்பரன்ஸ்’ என்றொரு சொல் அடிக்கடி வரும். மாநாடு என்று எண்ணிவிடக் கூடாது. தமக்குள் ஆண்டுதோறும் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு அது. நான் சொல்லவந்த கூட்டமைப்பின் பெயர் ஈ.சி.ஏ.சி. ஹாக்கி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கார்னெல், பிரவுன், டார்ட்மத் என்னும் புகழ்பெற்ற ஆறு ‘ஐவி லீக்’ பல்கலைக்கழகங்களும், கிளார்க்சன், கோல்கேட், செயின்ட் லாரன்ஸ், யூனியன், ரென்சலேர், குவினிப்பியாக் ஆகிய ஆறும் சேர்ந்து பன்னிரண்டு. இதன் ஆடவர் வாகையர் போட்டி 1962இல் முதன்முதலாக நடந்தது. முதல் கோப்பையைச் செயின்ட் லாரன்ஸ் வென்றது.

ஆட்டம் நம் ஹாக்கியின் உறவுக்காரன்தான். ஆனால் தரைக்குப் பதில் பனிக்கட்டி. பந்துக்குப் பதில் 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லை. அது துள்ளாமல் சறுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே உறையவைத்து விடுகிறார்கள். பக்கத்துக்கு ஆறு பேர். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். காலில் கத்தி பூட்டிய காலணி. பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது இயற்பியல் மாணவனுக்கு நல்ல கேள்வி. கத்தியின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று பழைய பாடநூல்கள் சொல்லும். அந்த அழுத்தம் மட்டும் அதற்குப் போதாது. உறைநிலைக்குக் கீழேயும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது என்ற கருத்தை 1850இலேயே ஃபாரடே எடுத்துச் சொன்னார். அந்தப் படலமும், உராய்வால் எழும் வெப்பமும் சேர்ந்துதான் சறுக்கவைக்கின்றன.

போட்டியின் அமைப்பு எளிது. பருவம் முழுவதும் ஆடி முதல் நான்கு இடம் பிடித்த அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். மற்ற எட்டும் தங்களுக்குள் ஆடி நால்வர் மிஞ்சுவார்கள். காலிறுதியில் மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்ல வேண்டும். அரையிறுதியும் இறுதியும் மார்ச் மாத வெள்ளி, சனிக்கிழமைகளில் லேக் பிளாசிட்டில் நடைபெறும். 1932, 1980 ஆகிய ஈராண்டுகளிலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது. 1980 பிப்ரவரி 22 அன்று, பெரும்பாலும் கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த அமெரிக்க இளைஞர்கள், உலகமே அஞ்சிய சோவியத் அணியை 4–3 என்று வீழ்த்திய அரங்கம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்த அரங்கில்தான் இந்தக் கல்லூரிப் போட்டியும் நடக்கிறது. வெல்லும் அணிக்கு, 16 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் தானாகவே ஓரிடம் கிடைத்துவிடும்.

2025இல் நான் பார்த்த இறுதி ஆட்டத்தில் கார்னெல் அணி கிளார்க்சனை 3–1 என்று வென்றது. அது அவர்களுக்குப் பதினான்காவது கோப்பை. 30 பருவங்களாக அணியைப் பயிற்றுவித்த மைக் ஷேஃபர் அந்தப் பருவத்தோடு ஓய்வு பெற்றார். அவரே 1986இல் அதே கல்லூரியில் படித்து முடித்தவர். மாணவனாக அதே கோப்பையை வென்றவர்.

தோற்றவர்களின் கதைகள்

வென்றவர்களின் கதை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியவை தோற்றவர்களின் கதைகள்.

2010 மார்ச் 12. காலிறுதியின் முதல் ஆட்டம். யூனியனும் குவினிப்பியாக்கும் மோதின. 60 நிமிடம் முடிந்தும் சமநிலை. கோல் விழும்வரை 20, 20 நிமிடங்களாகக் கூடுதல் நேரம் ஆட வேண்டும் என்பது விதி. ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, நான்கும் போயிற்று. ஐந்தாவது கூடுதல் நேரத்தில், மொத்தம் 150 நிமிடம் 22 விநாடி ஆகியிருந்தபோது, குவினிப்பியாக் கோல் போட்டு 3–2 என்று வென்றது. சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால், இரண்டரை மணி நேரத்து ஆட்டத்தைத் தோற்ற யூனியன் மாணவர்கள் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்? ஆனால் மறுநாளும் அவர்கள் சறுக்குக் காலணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். இறுதியாட்டம் வரைக்கும் போய்க் கார்னெலிடம் தோற்றார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து 2014இல், சுமார் 2,200 பேர் மட்டுமே படிக்கும் அந்தச் சின்னக் கல்லூரி, மின்னசோட்டா என்னும் பெரும் பல்கலைக்கழகத்தை 7–4 என்று வென்று தேசியக் கோப்பையைத் தூக்கியது.

2013இல் யேல் அணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அரையிறுதியில் யூனியனிடம் 0–5 என்று தோல்வி. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் குவினிப்பியாக்கிடம் 0–3 என்று தோல்வி. இரண்டு நாளில் ஒரு கோல்கூட இல்லை. பருவம் முழுவதும் ஆடிய கணக்கில், தேசியப் போட்டிக்கு ஒட்டிக்கொண்டு கடைசி ஆளாக உள்ளே நுழைந்தார்கள். மூன்று வாரம் கழித்து, தேசிய இறுதியாட்டத்தில் அதே குவினிப்பியாக்கை 4–0 என்று வென்றார்கள்!

2021ஆம் ஆண்டுக் கதை வேறு மாதிரியானது. கொரோனாவால் ஐவி கல்லூரிகள் உள்படப் பலவும் ஆடாத ஆண்டு. நான்கே அணிகள் களத்தில் இருந்தன. செயின்ட் லாரன்ஸ் கூடுதல் நேரத்தில் குவினிப்பியாக்கை 3–2 என்று வென்று கோப்பையை வாங்கியது. வென்ற சில மணி நேரத்தில், பயிற்சியாளருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. தேசியப் போட்டியிலிருந்து அணி விலக நேர்ந்தது. அவர்கள் தோற்கடித்த அணியே அவர்களுக்குப் பதிலாகப் போயிற்று. “ஜெயிச்சா என்ன கிடைக்கும்?” என்று அந்த மாணவர்களை அன்றிரவு என் அப்பா கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? கோப்பை ஒன்று, கூட ஆடிய நண்பர்கள், அவ்வளவுதான். அது போதுமா என்றால், அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

போவது எது?

இந்தக் கதைகளைப் படிக்கப் படிக்க, அப்பாவின் இரண்டாவது கேள்விதான் பெரிது என்று எனக்குப் பட்டது. தோற்றால் என்ன போகும்? யேல் மாணவன் இரண்டு நாளில் இரண்டு ஆட்டம் தோற்றபோது அவனிடமிருந்து என்ன போயிற்று? ஆட்டம் போயிற்று. படிப்பு போகவில்லை. திங்கட்கிழமை அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் அப்படியே இருந்தது.

இதற்குக் காரணம் அவனுடைய மன உறுதி மட்டுமல்ல. அங்கே ஒரு விதி இருக்கிறது. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஆகவே, அடிபட்டு ஆட முடியாமல் போனாலும், அணியிலிருந்து நீக்கப்பட்டாலும், ‘போதும்’ என்று அவனே நின்றுகொண்டாலும் உதவித்தொகை நிற்காது. யூனியன் கல்லூரியும் 2014இல் தேசியக் கோப்பை வென்றபோது விளையாட்டு உதவித்தொகை கொடுக்காத கல்லூரியாகத்தான் இருந்தது.

மற்றப் பல கல்லூரிகளில் நிலைமை வேறு. அங்கே நன்றாக ஆடுகிறவனுக்கு விளையாட்டு உதவித்தொகை உண்டு. 1973இலிருந்து அது ஓராண்டுக்கு மட்டும் தரப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒன்றாக இருந்தது. பல ஆண்டுக்குச் சேர்த்துத் தரலாம் என்று விதி தளர்ந்தது 2012இல்தான். ஓராண்டுக் கணக்கில் வாழ்கிறவனுக்கு ஒவ்வோர் ஆட்டமும் தேர்வு மாதிரிதான். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் வந்துவிட்டது. ஐவி கல்லூரிகள் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை.

விடுதி நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெற்று வந்தவன். “மாப்ளே, கபடி மட்டும் இல்லேன்னா எனக்கு இங்க சீட்டே கிடையாது. காசு கொடுக்காத காலேஜைப் போய்ப் பெருசாப் பேசுறியே. இல்லாதவனுக்கு விளையாட்டுதாண்டா ஏணி” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஐவி கல்லூரிகளும் ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடிக்கத்தான் செய்கின்றன. சேர்க்கையில் அவர்களுக்குக் கைகொடுக்கத்தான் செய்கின்றன. அதுமட்டுமா? ஐஸ் ஹாக்கி பணக்கார ஆட்டம். கால் வளர வளரப் புதுக் காலணி வாங்க வேண்டும். தலைக்கவசம், உடற்கவசம், பனிமேடைக்கு வாடகை. பலர் பள்ளி முடித்ததும் ஓரிரண்டு ஆண்டு வெளியே ஆடிப் பழகி, 20, 21 வயதில்தான் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். அப்படிக் காத்திருக்க எந்தத் தீப்பெட்டித் தொழிலாளியின் மகனுக்கு முடியும்? நானும் ஓராண்டு காத்திருந்தவன்தான். ஆனால் நான் காத்திருந்தது குச்சி அடுக்கிக்கொண்டு!

ஆகவே, அங்கே எல்லாம் பொன்மயம் என்று நான் சொல்லவரவில்லை. ஏணி வேண்டும் என்ற நண்பனின் கட்சியில் நானும் உண்டு. ஏறி வந்த பிறகு, கால் முறிந்தால் ஏணியை எடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி. சேர்வதற்கு ஆட்டம் உதவட்டும். சேர்ந்தபின் அவன் மாணவன். அவனுடைய படிப்பு அடுத்த ஆட்டத்தின் முடிவில் தொங்கக் கூடாது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்தப் பாதுகாப்பு இன்னும் அதிகமாக வேண்டும். வசதி உள்ளவன் தோற்றால் ஆட்டம் மட்டும் போகும். நம்மைப் போன்றவர்கள் தோற்றால் வீட்டின் ஒரே நம்பிக்கையும் சேர்ந்து போய்விடும் என்ற பயம் எப்போதும் கூடவே வருகிறது.

கோழியும் மீனும்

கார்னெலுக்கும் ஹார்வர்டுக்கும் உள்ள பகையைப் பற்றி வேடிக்கையான கதை ஒன்று உண்டு. 1865இல் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைக் கல்வியும் ஒரு முக்கியப் பகுதி. 1973இல் ஹார்வர்டு ரசிகர் ஒருவர் கோழியைக் கொண்டுவந்து, ‘நீங்கள் பண்ணைக்காரர்கள்தானே’ என்று கார்னெல் அணியைக் கேலி செய்தாராம். ஹார்வர்டு அணி தங்கள் ஊருக்கு வந்தபோது கார்னெல் மாணவர்கள் பனிமேடையில் மீன்களை வீசி எறிந்தார்கள். உங்கள் பக்கம் மீன்பிடிக்கிற ஊர்தானே என்பது பதிலடி. ஹார்வர்டு அணி வரும்போதெல்லாம் மீன் எறிவது அதன்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

மீன் எறிவதை நான் ஆதரிக்கவில்லை. தின்கிற பொருள் அது. ஆனால் ‘நாட்டுப்புறத்தான்’ என்ற கேலியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கதை இனிக்கத்தான் செய்தது. கோழியைக் காட்டிக் கேலி செய்யப்பட்ட அந்தக் கல்லூரியைவிட அதிகமுறை இந்தக் கோப்பையை வென்ற கல்லூரி வேறில்லை.

அந்தக் கல்லூரியில் படித்தவர்தான் கென் டிரைடன் என்னும் கோல் காவலர். 1964இல் தொழில்முறை அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டன. அவர் உடனே போகவில்லை; கார்னெலில் வரலாறு படிக்கப் போனார். 1967, 1968, 1969 என்று மூன்றாண்டும் இந்தக் கூட்டமைப்பின் கோப்பையை வாங்கிக் கொடுத்தார், பட்டமும் வாங்கினார். பிறகு மான்ட்ரியால் அணியில் சேர்ந்து, 1971இல் முதல் ஆண்டிலேயே ஸ்டான்லி கோப்பையை வென்றார். புகழின் உச்சியில் இருந்தபோது, 1973–74 பருவம் முழுவதும் ஆடாமல் விலகியிருந்தார். சம்பளத் தகராறு ஒரு காரணம். சட்டப் படிப்புக்கு வேண்டிய பயிற்சியை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முடித்துவிட்டே திரும்பினார். மொத்தம் ஆறு ஸ்டான்லி கோப்பைகள். பின்னாளில் எழுத்தாளர், கனடா நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர். 2025 செப்டம்பரில் மறைந்தார். படிப்பும் ஆட்டமும் ஒரே உறையில் இருக்க முடியாத இரண்டு கத்திகள் என்று சொல்கிறவர்களுக்கு இவர் வாழ்க்கையைக் காட்டலாம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் இடம் கொடுத்த ஒரு கல்லூரி அவருக்குக் கிடைத்திருந்தது.

நம்மால் முடிந்தது

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! நமக்குப் பனிமேடை வேண்டாம். நம் மைதானமும், அதன் மேற்கு மூலை வேப்பமரமும் போதும். நான் கேட்பவை சின்னச் சின்னக் காரியங்கள். கல்லூரிக்காக ஆடப் போகிற நாளில் அகமதிப்பீட்டுத் தேர்வு வந்தால், அவனுக்கு வேறொரு நாளில் அந்தத் தேர்வு வைக்கலாம். தவறிப்போன செய்முறை வகுப்பை ஒரு மாலையில் செய்து முடிக்க ஆய்வகத்தைத் திறந்துவிடலாம். தோற்றுத் திரும்பும் அணியையும், வென்று திரும்பும் அணியைப் போலவே, மறுநாள் காலை வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லி வரவேற்கலாம். இவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை. பெரிய நிதியும் வேண்டியதில்லை. எங்களைப் போன்ற முதல் தலைமுறை மாணவர்கள் மைதானத்துக்கு வராமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொண்டால் போதும்.

தைப்பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இரவுச் சாப்பாட்டு வேளையில் அப்பாவிடம் பேச்சை எடுத்தேன். யூனியன் கல்லூரி மாணவர்கள் 150 நிமிடம் ஆடித் தோற்ற கதையைச் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்புறம்?”

“மறுநாளும் வந்து ஆடினாங்கப்பா.”

“பரீட்சை?”

“அதையும் எழுதியிருப்பாங்கப்பா. அங்க ஆட்டத்துல தோத்தா படிப்பு போவாது.”

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவி எழுந்த பிறகு, “இங்க போவாதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தனியாகப் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன். நான் சொல்லக்கூடிய பதில் ஒன்று மட்டும் இருந்தது. மறுநாள் காலை ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். மட்டையைக் கரையான் அரிக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் பேருந்து ஏறினேன். வரும் ஆண்டு அணித் தேர்வுக்கு என் பெயரையும் கொடுத்திருக்கிறேன்.